விட்டதைப் பிடிக்கப் போகிறவரிடம் பேசுவது எப்படி

ஆன்லைன் பந்தயத்தில் சிக்கிய இளைஞரோடு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் முதலில் வருவது அழுகை அல்ல, வாதம். “இது சூதாட்டம் இல்லை ஹஜ்ரத். பிட்ச் எப்படி இருக்கு, யார் ஃபார்ம்ல இருக்கான்னு எல்லாம் பார்த்துத்தான் போடுறோம். இதுக்கு மூளை வேணும்.” இதற்கு “ஹராம்னா ஹராம்தான்” என்று ஒரே அடியாக அடித்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், அடுத்த முறை வரமாட்டார். வாதத்துக்குப் பதில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

குர்ஆன் தடுத்த ‘மைஸிர்’ என்ற சூது என்ன என்று அவருக்குத் தெரியாது. பெரும்பாலான பெற்றோருக்கும் தெரியாது. அன்றைய அரபிகள் ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள். பத்துக் கூறு என்று சில அறிஞர்களும், 28 கூறு என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பையில் பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு யாருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் முழு விலையையும் கட்ட வேண்டும். ஜெயித்தவர்கள் அந்தக் கறியைத் தாங்கள் சாப்பிடுவதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஞ்ச காலத்தில் இப்படி ஆடுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ஆடாதவனைக் கஞ்சன் என்பார்கள்.

மது, சூது இரண்டையும் பற்றிக் குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 219ஆம் வசனம் “அவ்விரண்டிலும் பெரும் பாவமும் மக்களுக்குச் சில பயன்களும் இருக்கின்றன; அவற்றின் பயனைவிடப் பாவமே பெரியது” என்று சொல்லும்போது, சூதைப் பொறுத்தவரை அந்தப் ‘பயன்’ இந்தக் கறிதான் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஏழையின் வயிற்றுக்குப் போன கறியே அந்த ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. பிறகு அல்மாயிதா 90, 91 வசனங்களில் மது, சூது, பலிபீடங்கள், குறி பார்க்கும் அம்புகள் நான்கும் ஷைத்தானின் செயலைச் சேர்ந்த அசுத்தம் என்று முழுத் தடை வந்தது. பள்ளிவாசல் கட்டட நிதிக்கு 100 ரூபாய்க் கூப்பன் விற்றுக் குலுக்கலில் பைக் கொடுக்கலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த ஒட்டகக் கறியை நினைத்துப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

அடுத்தது திறமை. நபி (ஸல்) அவர்கள் ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றைத் தவிர வேறு போட்டிகளில் பரிசு இல்லை என்றார்கள். அபூதாவூத் தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி) இது. மூன்றுமே திறமை தேவைப்படும் போட்டிகள். அவற்றிலும் பரிசு எங்கிருந்து வருகிறது என்பதை ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டம் துருவிப் பார்க்கிறது. ஆட்சியாளரோ போட்டியில் இல்லாத மூன்றாம் ஆளோ கொடுத்தால் ஆகும். இருவரில் ஒருவர் மட்டும் “நீ ஜெயித்தால் நான் தருகிறேன்” என்றாலும் ஆகும். இருவரும் பணம் வைத்து ஜெயித்தவன் எல்லாவற்றையும் அள்ளினால் அது சூது. கையில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பதை மார்க்கம் பார்க்கவில்லை, பணம் எந்த வழியாகக் கை மாறுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. நான் பணம் கட்டுகிறேனா, அந்தப் பணம் போகலாம் அல்லது பெருகலாம் என்ற நிலையில் நிற்கிறதா, நான் ஜெயிப்பது இன்னொருவர் இழந்ததிலிருந்து வருகிறதா என்ற மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், மேலே கிரிக்கெட் என்று எழுதியிருந்தாலும், ரம்மி, முன்கணிப்பு என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

தெரு கிரிக்கெட் டோர்னமெண்டிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 டீம், டீமுக்கு 1,000 ரூபாய் கட்டணம், அந்த 16,000 அப்படியே முதல் பரிசு என்றால் அது பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தடுக்கும் வகை. கட்டணம் பந்து, மைதானம், அம்பயர் செலவுக்குப் போய், பரிசை ஊர்க் கடைக்காரர் ஒருவர் தந்தால் சிக்கல் தீர்ந்தது. இந்த மாற்றத்தை ஜமாஅத் இளைஞர்களிடம் செய்துகாட்டுவது பத்து ஜும்ஆ பயானுக்கு (வெள்ளிக்கிழமை உரைக்கு) சமம்.

பாரசீகரை ரோமர்கள் வெல்வார்கள் என்று நபித்தோழர் அபூபக்ர் (ரலி) மக்காவின் குறைஷியரோடு பந்தயம் கட்டவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. கட்டினார்கள். அது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன் நடந்தது என்று அந்த அறிவிப்பைச் சொல்லும் திர்மிதி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

“கோர்ட்டே ரம்மியைத் திறமைன்னு சொல்லியிருக்கே” என்பது கடைசித் துருப்பு. உண்மைதான். உச்ச நீதிமன்றம் 1967இல் ரம்மியையும், 1996இல் குதிரைப் பந்தயத்தையும் திறமை சார்ந்தவை என்றது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டாலும், ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு, 50 லட்சம் வரை. இந்த மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை; தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடியவருக்கும் தண்டனை உண்டு. இதை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். “போலீசுக்குப் போனா பிள்ளையையே பிடிச்சிடுவாங்க” என்று பயந்து, மிரட்டலையும் மோசடியையும் மறைக்கிற குடும்பங்கள் ஏராளம்.

சட்டம் வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை, வாசல்தான் மாறியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ ஓர் ஏஜெண்ட் ‘ஐடி’ போட்டுத் தருகிறார். பணத்தை ஏதோ ஒரு தனிநபர் கணக்குக்கு யுபிஐ மூலம் அனுப்பச் சொல்கிறார். ஜெயித்தால் வேறொரு முகம் தெரியாத கணக்கிலிருந்து பணம் வருகிறது. ஆபத்து இங்கேதான். அந்தக் கணக்கு வேறு எங்கோ நடந்த மோசடியில் பயன்பட்டிருந்தால், புகார் பதிவானதும் அதிலிருந்து பணம் வாங்கிய கணக்குகளும் முடங்குகின்றன. சம்பளம் வரும் கணக்கு முடங்கினால் வீட்டு வாடகையும் நின்றுபோகும். “உன் ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் கொடு, மாசம் கமிஷன் தரேன்” என்பதற்குச் சம்மதிக்கும் பையன்கள் இன்னும் பெரிய குழியில் விழுகிறார்கள். வழக்கு வரும்போது கணக்கு அவர்கள் பெயரில் இருக்கும். பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்ற வசனம் இதற்கும்தான்.

ரெஃபரல் லிங்க் அனுப்புவதும் அப்படியே. “வா, உன்னோடு சூதாடுகிறேன்” என்று தோழனிடம் சொன்னவர் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆடியதற்கு அல்ல, அழைத்ததற்கே பரிகாரம். நூறு பேருக்கு லிங்க் அனுப்பிவிட்டு “நான் இப்போ ஆடுறதில்லை” என்கிறவர், முதலில் அந்த நூறு பேருக்கும் “அதிலே போகாதே” என்று செய்தி அனுப்ப வேண்டும்.

மூளை வேண்டும் என்கிறவரிடம் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். சமபலமுள்ள இரண்டு அணிகள், இரண்டுக்கும் 1.90 என்று விலை போட்டிருக்கிறது. 100 ரூபாய் வைத்தால் ஜெயிக்கும்போது 190 வரும், தோற்றால் ஒன்றுமில்லை. பத்து ஆட்டத்தில் ஐந்து ஜெயித்தால் போட்டது 1,000, வந்தது 950. சரிபாதி ஜெயித்தும் 50 ரூபாய் நஷ்டம். சும்மா சமமாக நிற்பதற்கே 100க்கு 53 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். போனஸும் இப்படித்தான். 1,000 கட்டினால் 1,000 இலவசம், ஆனால் எடுப்பதற்கு முன் மொத்தத்தைப் பத்து முறை சுழற்ற வேண்டும் என்பார்கள். அதாவது 20,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். 5 சதவீதம் கழிந்தால் 1,000 போகும். கொடுத்த போனஸ் முழுவதும் அவர்களிடமே திரும்பிவிட்டது, ஆடும் பழக்கம் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

மேலே ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும் விமான ஆட்டங்கள் இன்னும் கொடியவை. 100க்கு 97 திரும்பும் என்று அவர்கள் சொல்வதை நம்பினாலும், ஒரு சுற்று சில நொடிதான். மணிக்கு 200 சுற்று, சுற்றுக்கு 50 ரூபாய் என்றால் 10,000 ரூபாய் சுழல்கிறது, சராசரியாக மணிக்கு 300 ரூபாய் கரைகிறது. கையில் இருந்தது 500 ரூபாயாக இருந்தாலும் இதே கணக்குதான். மெதுவாகக் கரைவதால் வலி தெரிவதில்லை.

எல்லாரையும் கவிழ்ப்பது ‘டபுள் போட்டுப் பிடிக்கிற’ முறை. தோற்றால் இரட்டிப்பு, மறுபடி தோற்றால் அதற்கும் இரட்டிப்பு. எப்போதாவது ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். 100 ரூபாயில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 25,500. ஒன்பதாவது முறை வைக்க வேண்டியது 25,600. ஜெயித்தாலும் லாபம் அதே 100 ரூபாய்தான். 37 கட்டம் கொண்ட ரூலெட் என்ற சுழல்சக்கர ஆட்டத்தில் சிவப்பா கறுப்பா என்று ஆடினால் எட்டுத் தொடர் தோல்வி ஏறத்தாழ 200 தடவைக்கு ஒருமுறை வரும். ஒரு வாரம் இரவு முழுதும் ஆடுகிறவருக்கு அது வராமல் இருக்காது. காதிலிருந்த கம்மல் கூடப் போவது பெரும்பாலும் அந்த ஒன்பதாவது முறைக்காகத்தான்.

டெலிகிராமில் தொடர்ந்து ஐந்து மேட்சைச் சரியாகச் சொன்ன ‘மாஸ்டர்’ பற்றிக் கேட்பார்கள். 1,024 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணி, மறுபாதிக்கு இன்னொன்று என்று அனுப்புங்கள். சரியாக வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரியுங்கள். ஐந்தாவது மேட்ச் முடிவில் 32 பேர் உங்களை அதிசயமாகப் பார்ப்பார்கள். ஆறாவதற்கு அவர்களிடம் காசு கேட்கலாம்.

அல்மாயிதா 91 சூதின் கேட்டை இரண்டாகச் சொல்கிறது: உங்களுக்கிடையே பகையும் வெறுப்பும் உண்டாக்குவது, அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பது. இதை மனப்பாடமாக ஓதுகிறோம், நேரத்தோடு பொருத்திப் பார்ப்பதில்லை. ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30 மணிக்கு. ஏப்ரலில் தமிழ்நாட்டில் இஷா (இரவுத் தொழுகை) பாங்கும் முதல் பந்தும் ஏறத்தாழ ஒரே சமயம். 2025இல் ஐபிஎல் மார்ச் 22ஆம் தேதி தொடங்கியது; இங்கே அன்று 21ஆம் நோன்பு, கடைசிப் பத்தின் வாசல். பந்துக்குப் பந்து பந்தயம் போடுகிறவர் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் நின்றாலும் அவர் கை சட்டைப் பையில்தான் இருக்கும். பிள்ளை ஏன் இஷாவுக்கு வரவில்லை என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தெந்த நாள் வரவில்லை என்று குறித்துப் பாருங்கள். மேட்ச் அட்டவணையோடு அது ஒத்துப்போனால் விஷயம் புரிந்துவிடும்.

இனி ஆள் ஒப்புக்கொண்டு வந்த பிறகு.

முதல் நாள் கடனையோ பாவத்தையோ பேச வேண்டாம். அவர் உயிர்மேல் வெறுப்பில் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் யோசனை கொடுத்ததாகிவிடும் என்பது தவறான பயம். அந்நிஸா 29ஆம் வசனம் “உங்கள் பொருள்களைத் தவறான முறையில் உண்ணாதீர்கள்” என்று தொடங்கி, அதே வசனத்திலேயே “உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள், அல்லாஹ் உங்கள்மீது மிக்க அன்புடையவன்” என்று முடிகிறது. இரண்டும் ஒரே வசனத்தில் நிற்பதை அவருக்கு ஓதிக் காட்டுங்கள். அப்படி எண்ணம் இருக்கிறது என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு அல்ல. சூதாட்ட நோயை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

இரண்டாவது, கணக்கு. அவர் வாயால் முதலில் சொல்லும் தொகை கிட்டத்தட்ட எப்போதும் குறைவு. பொய் சொல்கிறார் என்பதில்லை, அவருக்கே தெரியாது. வங்கி ஆப்பில் 12 மாத ஸ்டேட்மெண்ட் எடுத்து, பந்தயத்துக்குப் போனது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம் எழுதிக் கூட்டுங்கள். பிறகு தனித்தாளில் கடன்: யாரிடம், எவ்வளவு, வட்டி உண்டா, அடகு வைத்த நகை யாருடையது. இந்தத் தாளைப் பார்த்தபின்தான் ‘விட்டதைப் பிடிக்கலாம்’ என்ற எண்ணம் முதன்முதலாக ஆட்டம் காண்கிறது.

மூன்றாவது, பணத்தின் வழியை அடைப்பது. தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீள்வதற்கு) மூன்று நிபந்தனைகள்: செய்கிறதை நிறுத்துவது, வருந்துவது, இனி செய்யமாட்டேன் என்று உறுதிகொள்வது. அடுத்தவர் உரிமை கலந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. ‘நிறுத்துவது’ என்பது வெறும் மனசு அல்ல. ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். ஏஜெண்ட் எண்களையும் குழுக்களையும் அழியுங்கள். பந்தயத் தளங்களை அடைக்கும் பெட்பிளாக்கர் போன்ற இலவசத் தடுப்பானை நிறுவுங்கள். சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்து பிரித்துவிடுங்கள். யுபிஐ சர்க்கிள் வசதியில் மனைவியோ வாப்பாவோ முதன்மைப் பயனராக இருந்து இவரை இரண்டாம் பயனராகச் சேர்க்கலாம். பகுதி அனுமதி என்று வைத்தால் ஒவ்வொரு பணமும் முதன்மைப் பயனர் தன் பின் எண்ணைப் போட்டால்தான் போகும். முழு அனுமதி என்றால்கூட மாதம் 15,000, ஒருமுறைக்கு 5,000 என்ற வரம்பு உண்டு. முதல் மூன்று மாதம் பகுதி அனுமதியே நல்லது. அவமானமாக இருக்கும், அவர் ஒப்புதலோடு செய்தால் அதுவே நிம்மதியாக மாறும். ஒளித்து வைத்துச் செய்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஆசை எழும்பும் நேரம் அலைபோல வரும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அந்த அரை மணிக்கு ஒரு வேலை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்: போனை வீட்டில் வைத்துவிட்டு ஜமாஅத் (கூட்டு) தொழுகை, அதன்பின் ஒரு நண்பரோடு நடை. மேட்ச் நாளில் இதைக் கட்டாயமாக்குங்கள்.

கடனில் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, இருக்கும் நிலத்தை விற்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துப் பிள்ளையை ‘விடுவிப்பது’. கடன் தீர்ந்த கணக்கு, பந்தயத்துக்கு மறுபடி திறந்த கணக்கு. தவணையாக அடையுங்கள், பணத்தை அவர் கையில் தராமல் கடன்காரருக்கு நேரே கொடுங்கள். உறவினர் கடனை எழுதி வையுங்கள். கடனை எழுதச் சொல்வது குர்ஆனின் கட்டளை. இயலாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்வதும் குர்ஆன்தான், கடன் கொடுத்தவர்களிடம் ஜமாஅத் பெரியவர்கள் போய்ப் பேச வேண்டியது இதை வைத்துத்தான். மனைவியின் மஹரும் (மணக்கொடையும்) நகையும் மனைவிக்குச் சொந்தம். கேட்காமல் அடகு வைத்திருந்தால் பட்டியலில் முதல் வரி அதுவாக இருக்கட்டும். கடன் ஆப் ஆட்கள் தொடர்பு எண்களுக்கெல்லாம் படம் அனுப்பி மிரட்டினால் அதற்கு பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்க வேண்டாம். வசூல் அழைப்புகள் காலை 8 முதல் மாலை 7 வரை மட்டுமே என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டலையும் ஏமாற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தாமதிக்காமல்.

ஸகாத் (கட்டாய தர்மம்) கொடுக்கலாமா என்ற கேள்வி ஜமாஅத்தில் வரும். கடனாளி ஸகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர். பாவத்துக்காகக் கடன்பட்டவர் தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதையே ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவீ சரியான கருத்தாக எடுத்துச் சொல்கிறார். அப்படியானால் மாதங்கள் கழித்து, தவ்பா நிலைத்ததைப் பார்த்து, கடன்காரரிடம் நேரடியாகச் செலுத்தலாம். ஜும்ஆவில் பெயர் சொல்லி எச்சரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள்.

ஜெயித்துக் கையில் நிற்கும் பணம் அவருடையது அல்ல. யாரிடம் ஜெயித்தோம் என்று தெரிந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் அது தெரியாது, எனவே நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். தன் கடன் கழுத்தை நெரிக்கும்போது அதை என்ன செய்வது என்பதை ஆளுக்கு ஆள் நிலைமை பார்த்து ஓர் ஆலிமிடம் கேட்க வேண்டும். ஆப்பில் கிடக்கும் சொச்சத்தை எடுக்கிறேன் என்று மறுபடி உள்ளே போவதைவிட, சிறிய தொகை என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

சத்தியம் பற்றி. குர்ஆன்மேல் கைவைத்து இனி ஆடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவது உம்மாமாரின் வழக்கம். அது கட்டுப்படுத்துவதைவிட ஒளிக்க வைக்கிறது. சறுக்கியவர் சத்தியம் முறிந்த குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, “எப்படியும் போச்சு” என்று முழுதாக மூழ்குகிறார். ஏற்கெனவே அல்லாஹ்மீது சத்தியம் செய்து முறித்திருந்தால் அதற்கு வழி அல்மாயிதா 89இல் இருக்கிறது: பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை. ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஆளுக்கு ஒரு ‘முத்து’ (பழைய அரபு அளவு) அரிசி, 600 முதல் 750 கிராம் வரை கணக்கிடுவார்கள். பணமாகக் கொடுத்தால் ஆகாது. ஹனஃபியில் இரண்டு வேளை சாப்பாடோ அரை ஸாஉ (இதுவும் ஓர் அளவு) கோதுமையோ அதன் விலையோ கொடுக்கலாம். இது முடியாதவர்களுக்குத்தான் மூன்று நோன்பு. வசதி இருப்பவர்கள் நேரே நோன்புக்குப் போய்விடுகிறார்கள், அது நிறைவேறாது. கடனில் மூழ்கியவர் ஆலிமிடம் கேட்டு நோன்பு வைக்கலாம்.

சறுக்கிய நாளில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த வழியாகப் பணம் போனது, அப்போது யார் கூட இல்லை, மணி என்ன. அந்த வழியை அன்றிரவே அடைத்துவிட்டு, சுபுஹு (அதிகாலைத்) தொழுகைக்கு அவரை எழுப்பிக் கூட்டிப்போங்கள்.